கறுப்புக் கோட்டு போட யாருக்கெல்லாம் தடை இருந்தது தெரியுமா?

விருந்து சாப்பிட்டே வக்கீல் ஆன கதை தெரியுமா?

நிஜமாகத்தான்! அந்தக் காலத்து லண்டனில் பாரிஸ்டர் ஆக வேண்டுமா? முதலில் பந்தியில் உட்கார வேண்டும்! 'இன்' என்று பெயர் கொண்ட நான்கு பழைய வக்கீல் சங்கங்கள் அங்கே உண்டு. ஏதாவது ஒன்றில் சேர்ந்து 12 பருவங்களை முடிக்க வேண்டும். பருவத்துக்குச் சுமார் 24 விருந்துகள் நடக்கும். அதில் குறைந்தது ஆறுக்காவது போயாக வேண்டும். ஆறு பன்னிரண்டு எழுபத்திரண்டு! பரீட்சையும் உண்டுதான். ஆனால் பரீட்சையில் தேறிவிட்டு, விருந்துக்கு மட்டம் போட்டால் கோட்டு கிடையாது!

அப்படி 'சாப்பிட்டு' பாரிஸ்டர் ஆனவர்களில் ஒருவர் யார் தெரியுமா? மகாத்மா காந்தி! நாலு பேருக்கு ஒரு மேஜை, மேஜைக்கு இரண்டு பாட்டில் ஒயின். காந்தி ஒயினைத் தொடமாட்டார். அப்புறம் என்ன? இரண்டு பாட்டிலையும் மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்ளலாமே! 'எங்கள் மேஜைக்கு வா, எங்கள் மேஜைக்கு வா' என்று அவருக்கு ஏகக் கிராக்கி! இதை அவரே தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார்.

1891 ஜூன் 10-ல் பாரிஸ்டர் பட்டம். 11-ல் உயர்நீதிமன்றத்தில் பதிவு. 12-ல் கப்பல் ஏறிவிட்டார்! இன்றைக்குப் படித்து முடித்தவர்கள் ஒரு சான்றிதழுக்கு எத்தனை நாள் அலைகிறார்கள் என்று நினைத்தால் பெருமூச்சுதான் வருகிறது.

காந்தியையே 'வேண்டாம்' என்றார்கள்!

1894. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் வக்கீலாகப் பதிவு செய்ய மனுப் போடுகிறார். அங்கிருந்த வெள்ளைக்கார வக்கீல் சங்கம் எதிர்த்து நின்றது! நீதிமன்றம் அந்த எதிர்ப்பைத் தள்ளிவிட்டு அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் உறுதிமொழி எடுத்த கையோடு, தலைப்பாகையைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள்! கழற்றினார்.

கதை அதோடு முடிந்ததா? இல்லை! 1922-ல் ராஜத்துரோக வழக்கில் தண்டனை. உடனே லண்டன் 'இன்னர் டெம்பிள்' அவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டது. மறுபடி எப்போது சேர்த்தார்கள் தெரியுமா? 1988-ல்! அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் கழித்து!

வ.உ.சி. மகனுக்கு வெள்ளைக்காரர் பெயர் ஏன்?

கப்பலோட்டிய தமிழர், வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியோடு மல்லுக்கட்டியவர், செக்கிழுத்தவர். அவர் தன் மகனுக்கு 'வாலேஸ்வரன்' என்று பெயர் வைத்தார். ஏதோ சாமி பெயர் மாதிரி இருக்கிறதா? சாமி பெயர் இல்லை! 'வாலஸ்' என்ற வெள்ளைக்கார நீதிபதியின் பெயர்!

வ.உ.சி. அடிப்படையில் வக்கீல். அப்பா உலகநாத பிள்ளையும் வக்கீல். வ.உ.சி. 1894-ல் திருச்சியில் பிளீடர் பரீட்சை எழுதித் தேறி, ஒட்டப்பிடாரத்தில் தொழிலை ஆரம்பித்தவர். 1908-ல் அவருக்குக் கிடைத்தது இரட்டை ஆயுள் தண்டனை, மொத்தம் 40 ஆண்டுகள்! மேல்முறையீட்டில் குறைந்து, 1912 கடைசியில் வெளியே வந்தார். வந்தால், வக்கீல் சன்னது போய்விட்டது! தண்டனை பெற்றவர் கோர்ட்டில் வாதாட முடியாதே! சென்னையில் கடை வைத்துப் பார்த்தார், அரிசி விற்றுப் பார்த்தார், ஒன்றும் சரிப்படவில்லை. வருஷக்கணக்கில் வறுமை.

அந்தச் சன்னதைத் திரும்ப வாங்கிக் கொடுத்தவர்தான் நீதிபதி ஈ.எச்.வாலஸ். அதற்கு நன்றியாகத்தான் மகனுக்கு அந்தப் பெயர்! சிறையில் தள்ளிய ஆட்சியின் நீதிபதி என்று பார்க்காமல், செய்த உதவியை மட்டும் பார்த்தார் பாருங்கள், அதுதான் வ.உ.சி.! மீண்டும் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வாதாடினார்.

வெள்ளைக்காரனுக்கே தடை இருந்தது!

நம்ப முடிகிறதா? 1793-ல் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் போட்ட விதிப்படி, கம்பெனி கோர்ட்டுகளில் வக்கீலாக இந்துக்களும் முஸ்லிம்களும் மட்டுமே பதிவு செய்ய முடியும்! ஆள்வது இங்கிலீஷ்காரன், ஆனால் அவன் ஆள் அங்கே வக்கீலாக முடியாது! 1846-ல்தான் 'எந்த நாட்டவரானாலும், எந்த மதத்தவரானாலும் வரலாம்' என்று கதவைத் திறந்தார்கள். 53 வருஷம்!

லண்டனில் கதை நேர்த் தலைகீழ். அங்கே உள்ளே போவதற்குத்தான் மற்ற மதத்தவர் தவித்தார்கள். கிறிஸ்தவரோ யூதரோ அல்லாத ஒருவர் முதன்முதலாக இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆனது 1863-ல். அவர் யார் தெரியுமா? ஒரு தமிழர்! இலங்கையைச் சேர்ந்த முத்து குமாரசுவாமி! பிற்காலத்தில் 'சர்' பட்டமும் வாங்கினார். கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் அப்பா இவர்தான்!

யானைக்காக வாதாடிய பெண்!

கார்னேலியா சொராப்ஜி. இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1892-ல் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டத் தேர்வு எழுதித் தேறியவர். அந்தத் தேர்வை எழுதிய முதல் பெண்! தேறினார், சரி. பட்டம்? கொடுக்கவில்லை! ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டம் கொடுக்கவே ஆரம்பித்தது 1920-ல். தேறிய 30 வருஷம் கழித்து, 1922-ல் போய் வாங்கிக்கொண்டார்!

இந்தியாவுக்குத் திரும்பினால் இங்கேயும் பூட்டு. பிரிட்டிஷ் இந்தியக் கோர்ட்டுகளில் பெண் வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. சமஸ்தானங்களில் மட்டும் கொஞ்சம் வழி இருந்தது. அங்கே அவருக்கு வந்த ஒரு கட்சிக்காரர் யார் தெரியுமா? ஒரு யானை! அதற்குச் சேர வேண்டிய வாழைத்தோப்பை ராஜா எடுத்துக்கொண்டாராம். யானையின் சார்பில் கார்னேலியா போய் நின்றார். நீதிபதி ஆசனத்தில் யார்? அதே ராஜா! ஜெயித்தது யார்? கார்னேலியா! காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள்: ராஜாவின் நாய்க்கு அவரைப் பிடித்துப் போய்விட்டதாம்! இது அவர் சொன்ன கதைதான். சட்ட வாதத்தைவிட நாயின் அபிப்பிராயம் எடுபட்ட கோர்ட்டு உலகத்தில் வேறெங்காவது இருக்குமா!

பிறகு திரைக்குப் பின்னால் வாழ்ந்த அந்தப்புரப் பெண்களின் சொத்துகளைக் காப்பாற்றும் வேலையில் இறங்கினார். இவரிடம் உதவி பெற்ற பெண்கள் சுமார் 600 பேர் என்பது கணக்கு!

இந்தப் பெண்களையெல்லாம் திருப்பி அனுப்பினார்கள்!

1916, கல்கத்தா. ரெஜினா குஹா என்ற பெண், சட்டப் பட்டம் கையில் வைத்துக்கொண்டு, 'பதிவு செய்யுங்கள்' என்கிறார். ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து யோசித்துச் சொன்ன பதில்: முடியாது!

1921, பாட்னா. சுதான்சு பாலா ஹஸ்ரா. அதே கேள்வி, அதே பதில்!

அதே 1921-ல் அலகாபாத் மட்டும் துணிந்தது. கார்னேலியாவைப் பதிவு செய்துகொண்டது! ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரு கோர்ட்டில் 'வா', இன்னொரு கோர்ட்டில் 'போ'! 1923-ல் தனியாக ஒரு சட்டம் போட்டுத்தான் இந்தக் குழப்பத்தைத் தீர்த்தார்கள். பெண் என்ற காரணத்துக்காக யாரையும் தடுக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்!

அப்புறம் வேகத்தைப் பாருங்கள். 1937-ல் திருவிதாங்கூரில் அன்னா சாண்டி முன்சீப் ஆகிறார். 1959-ல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி! இந்தியாவிலேயே உயர்நீதிமன்ற நீதிபதியான முதல் பெண்! 'பெண்ணால் வாதாட முடியுமா' என்று கேட்ட நாட்டில், 36 வருஷத்தில் பெண் உயர்நீதிமன்றத்திலேயே தீர்ப்பு எழுத ஆரம்பித்துவிட்டார்!

இங்கிலாந்து மட்டும் என்னவாம்? 1913-ல் க்வினெத் பெப் என்ற பெண் சொலிசிட்டர் ஆகக் கேட்டபோது கோர்ட்டு கையை விரித்துவிட்டது. 1919-ல் சட்டம் மாறி, 1922-ல்தான் முதல் பெண் பாரிஸ்டர்!

ரோமாபுரியில் இன்னும் விசேஷம். கார்ஃபானியா என்ற ஒரு பெண் ஓயாமல் கோர்ட்டுக்கு வந்து வாதாடி நீதிபதிகளைத் திணற அடித்தாராம். விளைவு? இனி எந்தப் பெண்ணும் அடுத்தவருக்காக வாதாடக் கூடாது என்று தடை! ஒரே ஒருத்தி நன்றாகப் பேசியதற்கு, ஒட்டுமொத்தப் பெண்களுக்கும் வாய்ப்பூட்டு!

ஜனாதிபதிக்கே கடிதம் போட்டார்!

அமெரிக்காவில் பெல்வா லாக்வுட். சட்டப் படிப்பை முடித்துவிட்டார், கல்லூரி பட்டத்தைத் தர மறுக்கிறது. சும்மா இருந்தாரா? 1873-ல் ஜனாதிபதி கிராண்டுக்கே கடிதம் எழுதினார்! ஏனென்றால் அந்தக் கல்லூரிக்குப் பெயரளவில் தலைவரும் அவர்தான். சில நாளிலேயே பட்டம் வீடு தேடி வந்தது!

அடுத்து, உச்சநீதிமன்றத்தில் பெண் வாதாடக் கூடாது என்றார்கள். அதற்கு 1879-ல் நாடாளுமன்றத்தில் சட்டமே கொண்டுவர வைத்தார்! போதுமா? போதாது! 1884-ல் ஜனாதிபதி தேர்தலிலும் நின்றார்! அப்போது ஜனாதிபதி தேர்தலில் பெண்களுக்கு ஓட்டுரிமையே கிடையாது. ஓட்டுப் போட முடியாது, ஆனால் ஓட்டுக் கேட்டார்!

மேக்கன் போலிங் ஆலன் 1844-ல் அமெரிக்காவின் முதல் கறுப்பின வக்கீலானவர். அடுத்து பாஸ்டனில் பரீட்சை. வண்டிச் சத்தத்துக்குக் காசில்லை. 50 மைல் நடந்தே போய் எழுதினார் என்பார்கள்!

செத்துப்போன பிறகு வக்கீல்!

இது கொஞ்சம் நெஞ்சை அடைக்கும் விஷயம். ஹோங் யென் சாங் என்ற சீனர், அமெரிக்காவில் நன்றாகப் படித்தவர், நியூயார்க்கில் வக்கீலாகவும் பதிவானவர். 1890-ல் கலிபோர்னியாவில் பதிவு கேட்டார். சீனர் என்பதால் மறுத்துவிட்டார்கள். அதே கலிபோர்னியா உச்சநீதிமன்றம் 'அது தப்பு' என்று சொல்லி அவரை வக்கீலாக ஏற்றுக்கொண்டது எப்போது தெரியுமா? 2015-ல்! 125 ஆண்டுகள்! கேட்க அவர் இல்லை.

ஆனால் அதே கலிபோர்னியா 2014 ஜனவரியில் வேறு ஒன்றும் செய்தது. செர்ஜியோ கார்சியா என்பவர் சின்ன வயதில் மெக்சிகோவிலிருந்து வந்தவர், குடியுரிமைக் காகிதம் எதுவும் இல்லாதவர். சட்டப்படி நாட்டில் இருக்கவே அனுமதி இல்லாதவருக்கு, சட்டத் தொழில் செய்ய அனுமதி!

ஓட்டு இருக்கா? வக்கீல் ஆகலாம் வா!

இந்தியானா. இந்தியா இல்லை, அமெரிக்காவின் ஒரு மாநிலம்! 1851-ல் அங்கே எழுதிய அரசியல் சாசனத்தில் ஒரு வரி: நல்ல நடத்தை உள்ள வாக்காளர் யாரும் எந்தக் கோர்ட்டிலும் வக்கீலாகலாம்! பட்டமா? வேண்டாம்! பரீட்சையா? வேண்டாம்! ஓட்டு இருந்தால் போதும்! இதை ஒழித்துக்கட்ட 1930-கள் வரை ஆனது. 80 வருஷம் ஓடியிருக்கிறது பாருங்கள்!

பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. 1790-ல் வக்கீல் சங்கத்தையே கலைத்துவிட்டார்கள்! யார் வேண்டுமானாலும் யாருக்காகவும் பேசலாம். நெப்போலியன் வந்து 1810-ல் திரும்ப நிறுவினார். அதுவும் கறாரான கட்டுப்பாடுகளோடு!

1641-ல் மாசாசூசெட்ஸ் குடியேற்றத்தில், உனக்காக வாதாட ஆள் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவருக்குப் பீஸ் தரக் கூடாது! அதற்கும் முன்னால், கி.மு. 204-லேயே ரோமில் வக்கீல் பீஸ் வாங்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள்! யாராவது மதித்தார்களா என்று கேட்காதீர்கள். பிற்பாடு கிளாடியஸ் சக்கரவர்த்தி '10,000 செஸ்டர்ஸ் காசுக்கு மேல் வாங்காதே' என்று உச்சவரம்பு வைத்ததிலிருந்தே தெரியவில்லையா!

ஆபிரகாம் லிங்கன் எந்தச் சட்டக் கல்லூரியில் படித்தார்? எதிலும் இல்லை! புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்தே 1836-ல் வக்கீல் ஆனார். பள்ளிக்கூடம் போன நாட்களை எல்லாம் கூட்டினாலே ஒரு வருஷம் தேறாது!

அந்தப் பழைய வழி இன்றும் இருக்கிறது! கலிபோர்னியா, வெர்மான்ட், வர்ஜீனியா, வாஷிங்டன் ஆகிய நான்கு மாநிலங்களில், சட்டக் கல்லூரி வாசலையே மிதிக்காமல், ஒரு வக்கீலிடம் தொழில் பழகி, பரீட்சை எழுதலாம். டி.வி. பிரபலம் கிம் கர்தாஷியன் அந்த வழியில்தான் போனார். ஆரம்பப் பரீட்சையில் மூன்று முறை கோட்டை விட்டு, நான்காவது முறை 2021-ல் தேறினார். 2025-ல் எழுதிய பெரிய பரீட்சை கைகொடுக்கவில்லை. எத்தனை கோடி இருந்தாலும் வினாத்தாள் சலுகை காட்டுவதில்லை!

அதே கலிபோர்னியா பரீட்சையை 2023-ல் ஒரு பையன் 17 வயதில் தேறினான்! அடுத்த வருஷமே அவன் தங்கை அந்தச் சாதனையை முறியடித்தாள்! அந்த வீட்டில் சண்டை வந்தால் யார் தீர்ப்பது?

ஸ்வீடனில் தடையே கிடையாது, தெரியுமா? உங்களுக்காகக் கோர்ட்டில் உங்கள் மாமா பேசலாம், பக்கத்து வீட்டுக்காரர் பேசலாம். 'அட்வகேட்' என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளத்தான் கூடாது!

இங்கிலாந்திலும் பணம் வாங்கிக்கொண்டு சட்ட ஆலோசனை சொல்ல, பெரும்பாலான விஷயங்களில், வக்கீலாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை! கோர்ட்டில் வாதாடுவது, வழக்கு நடத்துவது, சொத்துப் பத்திரம் தயாரிப்பது மாதிரி ஆறே ஆறு வேலைகளுக்குத்தான் உரிமம் வேண்டும். குடியேற்ற ஆலோசனைக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு.

பக்கத்தில் உட்கார்ந்தே சரித்திரம் படைத்தவர்!

1970-ஐ ஒட்டி லண்டனில் ஒரு விவாகரத்து வழக்கு. மெக்கென்சி என்ற கணவருக்கு வக்கீல் வைக்க வசதியில்லை. அயன் ஹேங்கர் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் உதவிக்கு வந்தார். சொந்த ஊரில் அவர் பாரிஸ்டர், லண்டனில் வாதாட உரிமை கிடையாது. அதனால் பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு காதாக ஆலோசனை மட்டும் சொன்னார். நீதிபதி 'நிறுத்து' என்றார். இவர் எழுந்து போய்விட்டார்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? துணைக்கு ஒருவரை உட்கார வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமை, வழக்கை முதலிலிருந்து நடத்துங்கள்! அன்றிலிருந்து இன்றுவரை அப்படி உட்காருபவருக்கு அங்கே 'மெக்கென்சி நண்பர்' என்றே பெயர்!

மளிகைக் கடையில் வக்கீல்!

2007-ல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது. வக்கீல் அல்லாதவர்களும் வக்கீல் நிறுவனத்துக்கு முதலாளி ஆகலாம்! சூப்பர் மார்க்கெட்டில் பாலும் ரொட்டியும் வாங்கும்போதே உயிலும் எழுதிக்கொள்ளலாம் என்று பத்திரிகைகள் கேலி செய்தன. 'டெஸ்கோ சட்டம்' என்று கடையின் பெயரையே வைத்துவிட்டார்கள்! 2012 மார்ச்சில் உரிமம் வாங்கிய மூன்று நிறுவனங்களில் ஒன்று கோ-ஆபரேட்டிவ். மளிகைக் கடை நடத்தும் அதே கூட்டுறவு அமைப்பு!

ஆஸ்திரேலியா அதற்கும் முந்திக்கொண்டது. 2007 மே மாதம் 'ஸ்லேட்டர் அண்ட் கார்டன்' பங்குச் சந்தையில் இறங்கியது. உலகத்திலேயே பங்கு விற்ற முதல் வக்கீல் நிறுவனம்! ஒரு டாலரில் ஆரம்பித்த பங்கு 2015-ல் எட்டு டாலரை நெருங்கியது! பிறகு பிரிட்டனில் ஒரு கம்பெனியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி, பங்கு விலை சில காசுகளுக்கு வந்து விழுந்தது. கதவைத் திறந்தால் காற்று மட்டுமா வரும்?

வக்கீல் அல்லாதவர் வக்கீல் நிறுவனத்துக்கு முதலாளி ஆகக் கூடாது என்ற தடையை அமெரிக்காவில் முதலில் நீக்கிய மாநிலம் அரிசோனா, 2021 ஜனவரி 1-ல். 2025 பிப்ரவரியில் கணக்குத் தணிக்கைப் பெருநிறுவனமான கே.பி.எம்.ஜி. அங்கே வக்கீல் நிறுவனம் நடத்த அனுமதி வாங்கிவிட்டது!

அலாஸ்காவை எடுத்துக்கொள்ளுங்கள். சாலையே போகாத கிராமங்கள், விமானத்தில்தான் போக வேண்டும். அங்கே வக்கீலுக்கு எங்கே போவது? 2022-ல் அந்த மாநில உச்சநீதிமன்றம் ஒரு வழி சொன்னது: ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுங்கள், சில வகை வழக்குகளை அவர்களே பார்க்கட்டும்! என்னைக் கேட்டால், இந்தப் பட்டியலிலேயே உருப்படியான தளர்வு இதுதான்.

மனிதனே இல்லாத வக்கீலா?

2025-ல் இங்கிலாந்தில் 'கார்ஃபீல்ட்' என்ற செயற்கை நுண்ணறிவு வக்கீல் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்துவிட்டார்கள்! 10,000 பவுண்டு வரையிலான பாக்கிகளை வசூலிக்கும் வேலை. 'அண்ணே, பாக்கியைக் கொடுங்க' என்று பணிவாக ஒரு கடிதம் எழுத என்ன பீஸ் தெரியுமா? 2 பவுண்டு! ஆனால் முன்தீர்ப்புகளை எடுத்துச் சொல்ல மட்டும் அதற்கு அனுமதி இல்லை.

ஏன்? 2023-ல் நியூயார்க்கில் நடந்ததைக் கேளுங்கள். பட்டம் வாங்கிய வக்கீல்களே சாட்ஜிபிடியை நம்பி மனுத் தாக்கல் செய்தார்கள். அதில் இருந்த ஆறு தீர்ப்புகள் உலகத்தில் எந்தக் கோர்ட்டிலும் சொல்லப்படாதவை! அபராதம் 5,000 டாலர்! 'உலகின் முதல் ரோபோ வக்கீல்' என்று தம்பட்டம் அடித்த 'டூநாட்பே' கம்பெனிக்கு 1,93,000 டாலர் தண்டம்!

சரி, நம்ம ஊர்?

டாக்டர் ஒருவர் டாக்டராக இருந்துகொண்டே வக்கீலாக முடியுமா? முடியாது என்று உச்சநீதிமன்றம் 1996-ல் சொல்லிவிட்டது. எம்.பி. ஒருவர் எம்.பி.யாக இருந்துகொண்டே வக்கீலாக முடியுமா? தாராளமாக முடியும் என்று அதே உச்சநீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது! டாக்டருக்கு நேரம் இருக்காது, எம்.பி.க்கு இருக்கும் போலிருக்கிறது!

டெல்லி உச்சநீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்யும் உரிமை எல்லா வக்கீலுக்கும் கிடையாது. அதற்கென்று தனிப் பரீட்சை. அதோடு இன்னொரு நிபந்தனை: கோர்ட்டிலிருந்து 16 கிலோமீட்டருக்குள் ஆபீஸ் இருக்க வேண்டும்!

ராம் ஜெத்மலானி 17 வயதில் சட்டப் பட்டம் வாங்கிவிட்டார். வக்கீலாக 21 வயது வேண்டும். அவருக்காகச் சிறப்புத் தீர்மானம் போட்டு, 18 வயதில் கோட்டை மாட்டிவிட்டார்கள்!

45 வயது தாண்டினால் பதிவு கிடையாது என்று பார் கவுன்சில் விதி போட்டிருந்தது. 1995-ல் உச்சநீதிமன்றம் அதைத் தூக்கிப் போட்டது. இன்று ரிட்டயர் ஆன அப்பாவும் காலேஜ் முடித்த மகளும் ஒரே நாளில் பதிவு செய்யலாம்!

வக்கீலுக்கே தடை உள்ள கோர்ட்டும் உண்டு! 1984-ல் வந்த குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, 'எனக்கு வக்கீல் வேண்டும்' என்பது அங்கே உரிமை இல்லை, அனுமதி வாங்க வேண்டும். 1947-ல் வந்த தொழில் தகராறு சட்டமோ, தொழிலாளிக்காகச் சங்கத் தலைவர் வாதாடலாம் என்றது. வக்கீல் வர வேண்டும் என்றால்? எதிர்த்தரப்பும் சம்மதிக்க வேண்டும் என்றது! நுகர்வோர் மன்றத்தில் வக்கீல் அல்லாதவரும் உங்கள் பிரதிநிதியாகப் பேசலாம் என்று 2011-ல் உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது!

ஒரு வக்கீல், 31 வெளிநாட்டுக் கம்பெனிகள்!

2010. சென்னை வழக்கறிஞர் ஏ.கே.பாலாஜி சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பில் யார் தெரியுமா? பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ், ஆஸ்திரேலியா என்று உலகத்தின் பெரிய பெரிய வக்கீல் நிறுவனங்கள், மொத்தம் 31! நம் வக்கீல் அவர்கள் ஊருக்குப் போய்த் தொழில் செய்ய ஆயிரம் தடை, அவர்கள் மட்டும் இங்கே வரலாமா என்பது கேள்வி.

2012-ல் சென்னை சொன்னது: வந்து தங்கள் நாட்டுச் சட்டத்தைப் பற்றி ஆலோசனை சொல்லிவிட்டுத் திரும்பலாம், இங்கே கடை விரிக்கக் கூடாது! 2018-ல் உச்சநீதிமன்றம், அந்த வருகையும் எப்போதாவதுதான் இருக்க வேண்டும் என்று மேலும் இறுக்கியது. 2023-ல் பார் கவுன்சிலே மனம் மாறி விதிகளை வெளியிட்டது, 2025-ல் திருத்தியது. அவர்கள் பதிவு செய்து ஆலோசனை சொல்லலாம், நம் கோர்ட்டு வாசலில் மட்டும் வாதாடக் கூடாது. அதுவும் அவர்கள் ஊர் நமக்கு இடம் கொடுத்தால்தான்! ஒரு காலத்தில் லண்டன் பாரிஸ்டர் என்றால் இங்கே சிவப்புக் கம்பளம்!

பதினோரு வருஷம் காத்திருந்த சர்மிளா!

ராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்த சத்யஸ்ரீ சர்மிளா 2007-ல் சட்டம் முடித்தவர். பதிவு செய்தது எப்போது? 2018 ஜூன் 30! நடுவில் ஏன் 11 வருஷம்? விண்ணப்பத்தில் ஆண், பெண் என்று இரண்டே கட்டம் இருந்தால் ஒரு திருநங்கை எதை நிரப்புவார்? 2014-ல் உச்சநீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்த பிறகுதான் வழி பிறந்தது. தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் அவர் உறுதிமொழி எடுத்தபோது வயது 36. இந்தியாவிலேயே வக்கீலான முதல் திருநங்கை! டெல்லியும் இல்லை, மும்பையும் இல்லை, நம் சென்னையில்!

2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி உச்சநீதிமன்றத்தில் சைகை மொழியில் ஆஜரானார். மொழிபெயர்ப்பாளர் குரல் கொடுத்தார்!

அடுத்து உங்களுக்கு!

உங்கள் வழக்கை நீங்களே வாதாடலாம், தெரியும்தானே? அண்ணனுக்காகத் தம்பி வாதாடலாமா? 1961-ன் வழக்கறிஞர் சட்டம், பிரிவு 32-ஐப் பாருங்கள். கோர்ட்டு அனுமதித்தால், வக்கீல் அல்லாத ஒருவரும் அந்தக் குறிப்பிட்ட வழக்கில் பேசலாம்! ஆனால் அது உரிமை இல்லை, முன்கூட்டியே அனுமதி வாங்கியாக வேண்டும் என்று 1978-லேயே உச்சநீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அனுமதி இல்லாமல் வக்கீல் வேஷம் போட்டுத் தொழில் நடத்தினால்? ஆறு மாதம் வரை உள்ளே!

கடைசியாக ஒன்று. சட்டம் முடித்த பிள்ளை வீட்டில் இருக்கிறதா? பல மாநில பார் கவுன்சில்கள் பதிவுக்கு 15,000 ரூபாயிலிருந்து 42,000 ரூபாய் வரை வாங்கிக்கொண்டிருந்தன! சட்டத்தில் உள்ள கட்டணம் எவ்வளவு தெரியுமா? வெறும் 750! எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125! முத்திரைத் தீர்வை இருந்தால் அது தனி. ஏழை வீட்டுப் பிள்ளையை வாசலிலேயே நிறுத்தும் பூட்டு இது என்று பலரும் போராடி, 2024 ஜூலை 30-ல் உச்சநீதிமன்றம் அதை உடைத்தது. அதற்கு முன்னால் கட்டியவர்களுக்குப் பணம் திரும்பாது. இனி கட்டப் போகிறவர்கள் இந்தத் தேதியை நினைவில் வையுங்கள். பதிவுக் கட்டணம் என்று அதற்கு மேல் யாராவது கேட்டால், எந்தச் சட்டப் பிரிவின்படி என்று எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்!